கம்பளைக்குக் கீழே இல்லாத விளக்கு

கந்தப்பளையில் அது எரிகிறது.
காலை ஆறரை, கிழங்குப் பாத்திகளில்
பனி இன்னும் எழும்பவில்லை,
சாவியைத் திருப்பியதும்
சின்னதாய் ஒரு எஞ்சின் படம்,
தோடம்பழ நிறத்தில்.

நுவரெலியா தாண்டியும் எரிகிறது.
லபுக்கலையில் வறுபடும் தேயிலை வாசம்
கண்ணாடி இடுக்கால் நுழையும்போதும்.
றம்பொடை வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்குவேன்,
புசல்லாவை வரும்,
இன்ஸ்பெக்டரைக் கண்ட ஒன்பதாம் வகுப்பு மாதிரி
சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

பேராதனையில் கம்பனியின் சேர்விஸ் சென்டர்.
மீன்தொட்டி. குளிரில் இருந்து வந்தவளுக்குக்
குளிரூட்டி.
பஸ்லி என்று சட்டையில் பெயர் குத்தியவர்
வயரைச் செருகி, கொம்பியூட்டரைப் பார்த்து,
"ஒரு ஃபோல்ட்டும் இல்லையே மிஸ்" என்றார்.
படங்களைக் காட்டினேன்.
பதினேழு படம். திகதியோடு, நேரத்தோடு.
"படத்த மெஷினுக்குள்ள போட ஏலாதே மிஸ்."

முதலில் பெட்ரோல் மூடியை நான் இறுக்கவில்லையாம்.
பிறகு, மேலே அடிக்கிற பெட்ரோலே சரியில்லையாம்.
பிறகு ஒரு சென்சர் மாற்றினார்கள்;
சென்சருக்கு வொரண்டி உண்டு, கூலிக்கு இல்லை.
அந்த மாதம் லீசிங் கட்ட
ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன் வைத்தேன்.
மறுபடி எரிந்தது.
மூன்று நாள் விட்டுப் போங்கள், ஓட்டிப் பார்க்கிறோம் என்றார்கள்.
பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன்.
மீட்டரில் கூடியிருந்தது நாலு கிலோமீட்டர்.

"வீட்டில சேர் இருந்தா அவரோட பேசலாமா?"
சேர் மாத்தளையில் வேலை, கார் என்னுடையது என்றேன்.
சேருக்கு ஓட்டத் தெரியாது என்பதை
மீன்களுக்கு மட்டும் சொன்னேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.
'அவதானிக்கப்படாதது இல்லாததா?' என்று
கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
கடைசி வாங்கில் இருந்து யோகசுதா:
"மிஸ், கார் இன்னும் சரியாகலியா?"

ஒரேயொரு காலை மேலே வாருங்கள் என்று கேட்டும் பார்த்தேன்.
கந்தப்பளை அவர்கள் ஏரியாவில் இல்லையாம்.
சரியென்று லபுக்கலையில் ஓரங்கட்டி
வீடியோ கோல் எடுத்து
மீட்டருக்கு நேரே ஃபோனைப் பிடித்தேன்.
கதவு திறந்திருந்தது, மூட்டம் உள்ளே வந்து
லென்ஸில் குந்திக்கொண்டது.
"புகாரைத் தவிர ஒன்றும் தெரியல்லையே மிஸ்."
அது ஒன்றுதானே
என்னிடம் இருந்ததும்.

வொரண்டி ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது.
வியாழன், கம்பளைப் பாலத்தில்,
நல்ல வெயிலில்,
எரிந்தது.
கெலிஓயாவில் எரிந்தது. பேராதனையில் எரிந்தது.
சேர்விஸ் சென்டரின் வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவில்,
பஸ்லியின் மூக்குக்கு நேரே எரிந்தது.
அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.
"இப்ப காட்டுது மிஸ்! இப்ப காட்டுது!"
உள்ளே இருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டார்.
திரையில் ஒரு நம்பர் வந்தது. எல்லோரும் தலையாட்டினோம்.
பிறகு கோப்பைத் திறந்தார்.
திகதியில் விரல் வைத்தவர்
விரலை எடுக்கவில்லை.

மதிப்பீட்டுத் தாள் இரண்டு பக்கம்.
பஸ்லி தன் காசில் பிளேன்டீ வாங்கித் தந்தார்,
சீனி கூடிவிட்டது,
குடித்தேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது விளக்கும் கூடவே ஏறிற்று.
புசல்லாவையில் மழை. றம்பொடையில்
முன்னால் ஒரு மரக்கறி லொறி,
இரண்டாம் கியரில், இருமி இருமி.
லபுக்கலைக்கு மேலே,
எப்போதும் அது எரிகிற அதே குளிரில்,
அணைந்தது.

ஓரமாக நிறுத்தினேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஒழுங்காகத்தான்.
அந்தச் சின்ன இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
எரிந்த காலத்தில்கூட
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
பிறகு ஃபோனை எடுத்து
அதையும் ஒரு படம் பிடித்தேன்.

பதினெட்டாவது.
திகதியோடு, நேரத்தோடு.